குழவிக்கல்லுக்கு ஆடிய தொட்டில்

என் சமையல் மேடையில், தக்காளிக் கூடைக்கும் மிக்ஸிக்கும் நடுவில், ஒரு காலித் தொட்டில் தானாக ஆடிக்கொண்டிருந்தது.

பக்கத்தில் ஆள் இல்லை. காற்றும் இல்லை. மூங்கில் சட்டத்தில் தொங்கிய சின்னத் தொட்டில். அதன் ஓரத்தில் கட்டிய நைலான் கயிற்றை யாரோ வெடுக் வெடுக்கென்று இழுப்பது போல இருந்தது. மூடி இல்லாத ஐஸ்கிரீம் டப்பா ஒன்றுக்குள்ளிருந்து 'டக்... டக்...' என்று சத்தம். ஈயம் உருகிய வாடை ஒரு பக்கம், முதல் நாள் வைத்த சங்கரா மீன் குழம்பின் வாடை ஒரு பக்கம். இரண்டும் சேர்ந்து வீட்டில் பேய் குடியேறியது போலவே இருந்தது.

நான் போட்ட கத்தலில் என் மருமகள் மகேஸ்வரி வாயில் ஒயரைக் கடித்தபடியே ஓடிவந்தாள்.

"என்னா அத்த, ஷாக்கு அடிச்சிடுச்சா?"

"காலித் தொட்டில ஆட்டிவுட்டுட்டு எங்கடி போன? புள்ளைக்கி வயித்த வலிக்கும்டி!"

"எந்தப் புள்ளைக்கி அத்த?"

"பொறக்கப்போற புள்ளைக்கி!"

அவள் முழித்தாள். நான் சுவரில் மாட்டியிருந்த திருக்குடும்பப் படத்தைக் காட்டினேன். "இவருக்குத்தான். வேற யாரு, உனக்கும் எனக்குமா பொறக்கப்போவுது?"

கிறிஸ்துமஸுக்கு இன்னும் நாள் இருந்தது. அதற்குள் இயேசு பாலனுக்கு வயிற்று வலி வரவழைத்த குடும்பம் என்ற பேர் எங்களுக்கு வேண்டுமா?

எனக்கு எழுத்துக் கூட்டவே வராது. நான் சொல்லச் சொல்ல மகேஸ்வரிதான் எழுதுகிறாள். அவளைப் பற்றி வரும் இடங்களில் மட்டும் அவளுக்குத் திடீரென்று கை வலி வந்துவிடுகிறது. இந்த வாரம் முழுக்க அவள் கதை. தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

தலையாட்டிய மாடு

கடலூரில் எங்கள் தெருக்கோடியில் இருப்பது கிளைக் கோயில். சின்னது. அதில் இயேசு பிறந்த தொழுவத்தைப் பொம்மை வைத்துக் காட்டும் குடில் கட்டுகிற வேலை வருஷத்துக்கு ஓர் அன்பியம் என்று முறை வைத்து வரும். அன்பியம் என்றால் நாலைந்து தெருக்காரர்கள் சேர்ந்து செபம் சொல்லும் குழு. செபம் கால் மணி நேரம், அதற்கப்புறம் அடுத்த அன்பியம் கட்டிய குடிலைப் பற்றிய விமரிசனம் ஒரு மணி நேரம்.

எங்கள் அன்பியத்துக்குத் தலைவர் என் வீட்டுக்காரர். ஏன் அவர் என்று கேட்காதீர்கள். கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார், அவ்வளவுதான் தகுதி.

போன முறை எங்கள் தலையில் குடில் விழுந்தபோது இவரே பொறியாளர் ஆனார். மற்றவர்கள் குடிலில் பொம்மைகள் சும்மா நிற்கும். நம் குடிலில் மாடு தலையை ஆட்டும் என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டு வந்தார். பழைய டேபிள் பேன் மோட்டாரை மாட்டின் கழுத்துக்குள் திணித்தார். பேன் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் திரும்புமே, அதே போல மாடும் திரும்பியது. கும்பிட வந்தவர்களையெல்லாம் பார்த்து 'வேண்டாம், வேண்டாம்' என்று தலையசைத்தது. காணிக்கை போடக் கை நீட்டினவர்கள்கூட யோசித்தார்கள்.

மறுநாள் ஸ்குரூ கழன்று மாட்டின் தலை, பரிசோடு வந்த ராஜா ஒருவர் காலடியில் விழுந்தது. அந்த ராஜாவின் முகத்தில் ஏற்கெனவே ஒரு திகில் வரைந்திருந்தார்கள். பொருத்தமாகத்தான் இருந்தது.

ஆகவே இந்த முறை குடில் எங்களுக்கு வந்ததும் நான் கூட்டத்திலேயே எழுந்து சொல்லிவிட்டேன். "மோட்டார தொடுற வேலைய எம்மருமவ பாப்பா. எங்க வூட்டுக்காரரு வக்கோலு பரப்பட்டும்."

திருவந்திபுரத்துச் சனிக்கிழமைகள்

மகேஸ்வரி சிதம்பரத்துப் பெண். பாலிடெக்னிக்கில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு கடலூரில் ஒரு யு.பி.எஸ். சர்வீஸ் கடையில் வேலைக்கு வந்தாள். என் மகன் ஆரோக்கியம் எங்கள் வீட்டு யு.பி.எஸ்.ஸைத் தூக்கிக்கொண்டு போனான். அது அடிக்கடி கெட்டுப்போயிற்று. நல்ல கம்பெனி யு.பி.எஸ். எப்படித்தான் அப்படி வாரா வாரம் கெட்டுப்போகிறதோ என்று வெள்ளந்தியாக யோசித்துக்கொண்டிருந்தவள் நான் ஒருத்திதான். கடைசியில் யு.பி.எஸ். சரியாகி வந்தது, கூடவே மருமகளும் வந்தாள்.

அவள் அப்பா கலியபெருமாளுக்கு இது பிடிக்கவில்லை. அவர் தலைமுறை தலைமுறையாக விவசாயக் குடும்பம். இப்போது தொழில் சீரியல் செட் போடுவது. திருவிழாவில் கோயில் முகப்பில் மூங்கில் கட்டி, பல்பிலேயே சாமி வரைந்து, கங்கையைக் கீழே இறக்கி, மயிலைத் தோகை விரிக்க வைப்பாரே, அந்த வேலை. மகளுக்குத் திருவந்திபுரம் பெருமாள் கோயிலில் வைத்துக் கல்யாணம் செய்கிறேன் என்று அவள் தொட்டிலில் கிடந்த காலத்திலேயே வேண்டிக்கொண்டாராம். அவள் மாதா கோயிலில் மோதிரம் மாற்றினாள்.

அவர் சண்டை போடவில்லை, சாபம் விடவில்லை. பேச்சை நிறுத்திவிட்டார். இரண்டு பொங்கல் போயிற்று. பொங்கல் சீர் என்று ஒரு கரும்புத் துண்டு வரவில்லை. நான் கரும்புக்கு அலைகிறவள் இல்லை. ஆனால் பொங்கலன்றைக்கு வாசலில் ஆட்டோ நிற்கிற சத்தம் கேட்டால் இந்தப் பெண் கையிலிருக்கிற வேலையை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பாள். பார்த்துவிட்டு, ஏதோ கோலத்தைப் பார்க்கத்தான் வந்தது போல நிற்பாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அவள் அம்மா பரவாயில்லை. பெருமாள் சேவிக்கிறேன் என்று மாதம் ஒரு சனிக்கிழமை திருவந்திபுரம் வருவாள். நாங்களும் போவோம். மலைப் படிக்கட்டில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டே அம்மாவும் மகளும் அழுவார்கள், நான் காவல் இருப்பேன். மாதாவைக் கும்பிடுகிற நான் அந்தப் பெருமாள் கோயில் குரங்குகளை முகம் பார்த்து அடையாளம் சொல்வேன்.

அங்கேதான் அந்த அம்மா வாய்விட்டாள். "மார்கழியில அவருக்கு வேலயே இல்ல சம்பந்தி. எவனாவது கூப்புட மாட்டானான்னு உக்காந்துகினு இருக்காரு."

எனக்கு உடனே பக்தி பொங்கிவிட்டது. கிளைக் கோயிலுக்கு சீரியல் செட் போட்டால் என்ன?

தோகை இல்லாத மயில்

என் வீட்டுக்காரரையும் உபதேசியாரையும் சிதம்பரத்துக்கு அனுப்பினேன். ஃபாதர் ஊரில் இல்லாத நாளெல்லாம் கோயிலைப் பார்த்துக்கொள்பவர் உபதேசியார். பார்த்துக்கொள்வது என்றால், யாரையும் எதையும் தொட விடாமல் பார்த்துக்கொள்வது. "பேச்சு நீங்க குடுங்க, அவரு பின்னாடி நிக்கட்டும்" என்று அவரிடம் சொல்லி, தாம்பூலமும் கட்டிக் கொடுத்தேன். சீரியல் செட்காரர்களுக்கு அதுதான் கையெழுத்து. வெற்றிலைபாக்கை வாங்கிவிட்டால் இடி விழுந்தாலும் வந்து லைட் போட்டே ஆகவேண்டும். வாங்கிவிட்டு மாட்டேன் என்றால் அடுத்த திருவிழாவுக்கு ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள்.

கடலூரில் ஒரு மாதா கோயில் என்று மட்டும் உபதேசியார் சொல்ல, கலியபெருமாளும் தாம்பூலத்தை வாங்கிக்கொண்டார். என் வீட்டுக்காரரைப் பார்த்தும் அடையாளம் தெரியவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்தால்தானே தெரியும்.

மினி லாரியில் மூங்கிலோடு வந்து இறங்கினார். நெற்றியில் நாமம், தோளில் துண்டு. கோயிலுக்குள் எட்டிப் பார்த்தார். குடிலுக்குள் முட்டி போட்டு ஒயர் இழுத்துக்கொண்டிருந்தாள் மகள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் ஓடிப்போய், "வாங்க, வாங்க, தண்ணி குடிங்க" என்றேன்.

"வெத்தல வாங்கிட்டேன். வேல செய்யத்தான் வந்தன்," என்றார் மூங்கிலைப் பார்த்து. தண்ணீரை அவருடைய ஆளிடம் கொடுக்கச் சொன்னார்.

சரி, மூங்கிலோடாவது பேசுகிறாரே என்று விட்டுவிட்டேன்.

அவரிடம் இருந்த போர்டெல்லாம் முருகனும் கிருஷ்ணனும்தான். நட்சத்திரம் ஒன்று புதிதாகக் கட்டினார். அதற்கு மேலே ஒரு பறவையை ஏற்றினார். உபதேசியார் அண்ணாந்து பார்த்துப் பதறிப் போனார்.

"ஐயா, இது என்னாங்க, மயிலு?"

"புறாங்க."

"கொண்ட இருக்குதே?"

"இருந்தா என்னா? தோக பல்பெல்லாம் கழட்டிட்டன். வெள்ளயா எரியுது பாருங்க. புறாதான்."

புறா என்றால் எங்களுக்குத் தூய ஆவி. கொண்டை வைத்த தூய ஆவி இந்த வருஷம் எங்கள் ஊரில்தான் இறங்கியது.

பிறக்காத பிள்ளை

இப்போது தொட்டிலுக்கு வருகிறேன். குடிலில் ஆடு தலை குனியும், கிணற்று வாளி ஏறி இறங்கும், தொட்டில் ஆடும். எல்லாவற்றுக்கும் மூளை அந்த ஐஸ்கிரீம் டப்பாவுக்குள் இருந்த கையகல போர்டு. எந்தப் பொம்மை எப்போது அசையணும், எவ்வளவு அசையணும் என்று லேப்டாப்பில் எழுதி அதற்குள் இறக்குவாள். கடையில் வாங்கினது இல்லை, ஒவ்வொரு ஒயரும் அவளே பற்றவைத்தது.

தொட்டிலில் மட்டும் சிக்கல். ஆட்டிப் பார்க்காமல் விசை வைக்க முடியாது. காலியாக ஆட்ட நான் விட மாட்டேன். பாலன் சொரூபத்தை வைத்து ஆட்டலாம் என்றால் அது உபதேசியாரின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. கிறிஸ்துமஸ் பூசையில் வானவர் கீதம் பாடும்போதுதான் ஃபாதர் அதைக் கொண்டுவந்து குடிலில் வைப்பார். அதுவரை அந்த இடம் காலியாக இருக்கவேண்டும், அதுதான் முறை.

மகேஸ்வரி போய்க் கேட்டாள். "அஞ்சு நிமிஷம் குடுங்க சார், எடை பாத்துட்டுத் தர்றேன்."

"பொறக்காத புள்ளைய எப்புடிம்மா தர்றது?" என்றார் உபதேசியார்.

"அப்ப நீங்க அலமாரிக்குள்ள வெச்சிருக்கறது என்னா சார்?"

"அது... அலமாரிக்குள்ளதான் இருக்குது. பொறக்கல."

அவர் போகிற போக்கில், "பைபிள்ல ஆடுற தொட்டில்னு எங்கயும் இல்லியே" என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். பைபிளில் கொண்டை வைத்த புறாவும்தான் இல்லை.

"ஒரு பிளாஸ்டிக் பொம்மய வெச்சிப் பாக்கறேன் அத்த," என்றாள் மகேஸ்வரி.

"யாரு பெத்த பொம்மய யாரு தொட்டில்ல போடுற? நம்ம வூட்டுப் புள்ளைய மொதமொத தொட்டில்ல போடுறப்ப என்னா பண்ணுவோம்? குழவிக்கல்லக் குளிப்பாட்டி அதத்தான மொதல்ல போடுவோம்?"

"அது எங்க வூட்லயும் போடுவாங்க அத்த. ஆனா எடை சரியா இருக்கணுமே."

"நாப்பது வருசமா அந்தப் பாலன தூக்கிக் கால்ல முத்தம் வெச்சி முத்தி செய்யிறவ நான். சுண்ணாம்புச் சொரூபம், நல்ல கனம். நம்ம மருந்து அரைக்கிற குழவி இருக்குது பாரு, அதே எடை. எங்கையே தராசு."

அவள் என்னை நம்பினாள். படித்த பெண்கள் செய்கிற தப்பு இதுதான்.

குழவியைக் குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, துணி சுற்றிக் கிடத்தினோம். அந்தக் கனத்தை ஆட்ட மோட்டார் முக்கியது. மகேஸ்வரி விசையை ஏற்றினாள், இன்னும் ஏற்றினாள். கடைசியில் குழவிக்கல் தூங்கிப்போகிற மாதிரி அழகாக ஆடியது தொட்டில்.

நடுவில் நான்

பூசைக்கு முந்தின நாள் குடிலையும் சீரியல் செட்டையும் சேர்த்து ஓடவிட்டுப் பார்த்தார்கள். அவருடைய லைனும் இவளுடைய லைனும் ஒரே தூணில் ஏறுகிறது. ஒருவரை ஒருவர் பார்க்காமல் வேலை செய்ய முடியாத இடம். அதையும் செய்தார்கள். அப்பனும் மகளும் ஒரே அச்சு.

கலியபெருமாள் தூணைப் பார்த்துச் சொன்னார். "இந்த ஜாயிண்ட்டு யாரு போட்டது? டேப்பு சுத்தாம வுட்டா மழையில போயிடும்."

மகேஸ்வரி என்னைப் பார்த்தாள். "அத்த, அது ஸ்லீவு போட்டது. டேப்பு தேவயில்லன்னு சொல்லுங்க."

"ஸ்லீவு போட்டிருக்காம்," என்றேன்.

"ஸ்லீவு பெரிசா தெரியுது. ஒயரு சின்னது. ஆடும்."

"ஆடுமாம்."

"சூடு காட்டினா சுருங்கிக்கும் அத்த. இன்னும் காட்டல. காட்டத்தான் போறேன்."

"சுருங்கிக்குமாம்."

"எப்ப? வர்ற தீபாவளிக்கா?"

இதை நான் அவளுக்குச் சொல்வதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கப் போய் இருமல் வந்துவிட்டது. அவர் மூங்கில் பக்கம் திரும்பிக்கொண்டார். என் மகன் ஆரோக்கியம் இந்த நேரம் முழுக்க மாமனார் கண்ணில் படாமல் அடுத்த தூணுக்குப் பின்னால் நின்றிருந்தான். தூணை விட அவன் அகலம். யார் கண்ணிலும் படாமல் இல்லை.

வேலை முடிந்துவிட்டது, நாளைக்கு லைட்டைப் போட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பிவிடுவேன், மூங்கிலை அவிழ்க்க ஆளை மட்டும் அனுப்புவேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். இவ்வளவு பாடுபட்டு வரவழைத்த மனிதர் தூணோடு பேசிவிட்டுப் போய்விடுவார் போலிருக்கிறது. பூசை முடிவதற்குள் ஏதாவது நடந்தால் உண்டு.

வானவர் கீதம்

கிளைக் கோயிலுக்கு நடுராத்திரிப் பூசை கிடையாது. ஃபாதர் பெரிய கோயிலுக்குப் போகவேண்டும் என்பதால் எங்கள் ஊரில் மட்டும் இயேசு சாயங்காலமே பிறந்துவிடுவார்.

கலியபெருமாள் குடிலுக்குப் பக்கத்துத் தூணில் மெயின் சுவிட்சில் கை வைத்தபடி நின்றார். வானவர் கீதம் ஆரம்பித்ததும் லைட்டையெல்லாம் ஒன்றாகப் போடவேண்டும். குடிலுக்கு அந்தப் பக்கம் தன் சுவிட்சோடு மகேஸ்வரி.

மணி அடித்தது. பாட்டு எழும்பியது. வெளியே கொண்டைப் புறா எரிந்தது. உபதேசியார் பெருமையோடு வெள்ளைத் துணியை விலக்க, ஃபாதர் பாலனை எடுத்துத் தொட்டிலில் வைத்தார்.

புதுப் பாலன். பளபளவென்று புதுப் பெயிண்ட். யாரோ உபயமாகக் கொடுத்ததாம். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று உபதேசியார் யாரிடமும் மூச்சு விடவில்லை. ஃபாதர் அதை ஒரே விரலில் தாங்குவது போல வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. ஃபைபர். காற்று மாதிரி இருக்கும்.

"மகேசு, வேணாம்டி..." என்று நான் சொல்வதற்குள் அவள் போட்டுவிட்டாள்.

ஆடு குனிந்தது. வாளி ஏறியது. தொட்டில் குழவிக்கல்லை நினைத்துக்கொண்டு ஓர் இழு இழுத்தது. முதல் ஆட்டத்தில் ஜனங்கள் "ஆ!" என்றார்கள். அடுத்ததில் "ஐயோ" என்றார்கள். அதற்கடுத்ததில் உலக இரட்சகர் தொட்டிலை விட்டு எழுந்து, சூசையப்பர் தலைக்கு மேலே பறந்தார்.

"ஏய் மகேசு! நிறுத்துடி!"

கலியபெருமாள்தான். கத்திக்கொண்டே தோள் துண்டை விரித்துப் பாய்ந்தார். பாலன் அந்தத் துண்டுக்குள் விழுந்தார். மகேஸ்வரி பிளக்கைப் பிடுங்கினாள். ஆடு பாதிக் குனிவில் நின்றது. பாட்டுக் குழு மட்டும் நிற்கவில்லை. எங்கள் பாட்டுக் குழு எதைப் பார்த்தும் நிறுத்தியது கிடையாது.

ஃபாதர் கையை நீட்டினார். கலியபெருமாள் தரவில்லை.

"தொட்டிலு சரியாவட்டும் சாமி. அதுல போட நான் குடுக்க மாட்டன்." சொன்னவர் பாலனைத் துண்டோடு தோளில் சாய்த்துக்கொண்டார்.

ஃபாதர் அவரைப் பார்த்தார், குடிலுக்குள் லேப்டாப்பைத் திறந்து தரையில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தார். "சரி, நீங்களே வெச்சிருங்க" என்று சொல்லிவிட்டுப் பீடத்துக்குப் போனார்.

பூசை முடிந்து, பாலன் பாதத்தை முத்தி செய்ய ஜனங்கள் வரிசையில் வந்தார்கள். நாமம் போட்ட மனிதர் துண்டில் பாலனை ஏந்தி நிற்க, ஒவ்வொருவராகக் குனிந்து முத்தம் கொடுத்துவிட்டு அவருக்கும் சேர்த்து ஒரு கும்பிடு போட்டுப் போனார்கள். உபதேசியார் அலமாரிச் சாவியைப் பிசைந்துகொண்டு ஓரமாக நின்றார். தூணுக்குப் பின்னால் இருந்த என் மகனும் வரிசையில் வந்துவிட்டான். மாமனார் அவனை மேலும் கீழும் பார்த்துவிட்டு, பாலனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடித்தார். அவன் முத்தம் கொடுத்தான்.

வரிசைக்கு நடுவிலேயே தலையைத் திருப்பி மகளைக் கேட்டார். "எங்கடி கொறைப்ப?"

"இங்கப்பா. இந்த நம்பர."

"எவ்ளோ வெச்சிருந்த?"

சொன்னாள்.

"அடிப்பாவி! இவ்ளோ ஜாஸ்தியா? தொட்டிலுக்கா வெச்ச, தேர் இழுக்கவா?"

"குழவிக்கல்லு வெச்சிதாம்ப்பா பாத்தோம்..."

"குழவிக்கல்லா? எவ சொன்னா?"

அவள் பாவம், கண்ணாலேயே என்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள். வரிசை அப்படியே நின்றது. கலியபெருமாள் பாலனோடு என் பக்கம் முழுசாகத் திரும்பினார்.

"ஏன் சம்பந்தி, புள்ள எடை தெரியாமதான் புள்ள பெத்தீங்களா? பச்சப் புள்ள இருக்கிற கனத்துக்கும் குழவிக்கல்லுக்கும் வித்தியாசம் தெரியாது? இதுல எம்பொண்ணுக்கு யோசன வேற!"

கோயிலே பார்த்துக்கொண்டிருந்தது. மூங்கிலோடும் தூணோடும் பேசினவர் வாயிலிருந்து முதல் முறையாக எனக்கு ஒரு 'சம்பந்தி' வந்திருந்தது. என் வீட்டுக்காரர் எனக்காகப் பரிந்து பேச எழுந்தார். நான் அவர் வேட்டியைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"என்னா சொன்னீங்க? காதுல சரியா வுழுல," என்றேன்.

காது கேட்காத கிழவி என்று நினைத்துக்கொண்டார் மனிதர். குரலை உயர்த்தி, "ஏன் சம்பந்தி..." என்று முதலிலிருந்து மறுபடியும் திட்டினார்.